நுனி இல்லாத வேர்

எங்கள் மரவள ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதிதாக ஒரு கேமரா வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று போன மாதம் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவனை எதற்கு இழுக்கிறார்கள் என்று எரிச்சலாகத்தான் இருந்தது. கைதட்ட ஆள் குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். போன பிறகு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

மரத்தடியில் ஒரு கண்ணாடிக் குழாயைச் சாய்வாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். கேமராவை அதற்குள் இறக்கினால் மண்ணுக்குள் வேர் ஓடுவது திரையில் தெரிகிறது. மரத்தைத் தோண்ட வேண்டியதில்லை. சேற்றில் உட்கார வேண்டியதில்லை. திரையில் தெரியும் ஒவ்வொரு கோட்டையும் தொட்டு, ‘வேர்’, ‘வேர் அல்ல’ என்ற இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தி அழுத்திப் பழக்கினால் பிறகு கணினியே பிரித்துவிடுமாம். அழுத்திக்கொண்டிருந்த பெண் ஒரு கோட்டுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள். “சார், இதை எதுல போடறது?” என்று என்னைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் நான் வெளியே வந்துவிட்டேன்.

நிலையத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வாசல் வரை வந்து கேட்டார்கள். சேற்றில் உட்கார்ந்த கதையை யார் படிக்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஆனால் அந்தப் பெண் கேட்டது மனதைவிட்டுப் போகவில்லை. அவளுக்குச் சொல்லாமல் வந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா மங்கலத்தில் விசைத்தறி ஓட்டியவர். எங்கள் வீட்டில் சோற்றிலும் பஞ்சு, டீயிலும் பஞ்சு, தூங்கி எழுந்தால் புருவத்திலும் பஞ்சு. இதிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டேன். மரம் வளர்க்கிற நிலையத்தில் களப் பணியாளர் வேலை கிடைத்தது. இனி என் வாழ்க்கையில் நூலே கிடையாது என்று அன்றைக்கு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பேச்சுக்குப் பின்னாளில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதல் பத்து வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல சவுக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒன்றோடொன்று இணை சேர்ப்பது, பிறந்த கன்றில் நேராக வளர்வதைப் பொறுக்கிக் கிளைத் துண்டு எடுத்து நாற்றாக்குவது, நட்டபின் உயரமும் சுற்றளவும் அளப்பது. எந்த ரகம் உயரமோ அது நல்ல ரகம். மரம் என்றால் மண்ணுக்கு மேலே இருப்பது என்பதே என் நினைப்பு. ஜெபராணி மேடம் வந்த பிறகுதான் தலைகீழாகப் பார்க்கப் பழகினேன்.

மேடத்துக்குத் தூத்துக்குடிப் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிய காலம் அது. பேச்சைக் கேட்டதும் எங்கள் டீக்கடைக்காரர், “எந்தக் கம்பெனியிலீங்க செக்கிங்?” என்று கேட்டார். “வேர்க் கம்பெனில” என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு டீயை வாங்கிக் குடித்தார். மெலிந்த உருவம், ஒரே மாதிரி கைத்தறிச் சேலைகள், எப்போதும் கையில் ஒரு பூதக்கண்ணாடி. கோபித்து ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. ஆனால் நாம் சொன்னதை அப்படியே நம்பியும் கேட்டதில்லை. “காஞ்சிருச்சுங்க” என்றால், “தொட்டுப் பாத்தீங்களா, கண்ணால பாத்தீங்களா?” என்பார். கண்ணால் என்றால் மறுபடி நடக்க வேண்டியதுதான். அவரோடு வேலை செய்த முதல் வருடம் வீட்டுக்குப் போய் அவரைத் திட்டாத நாளில்லை.

ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே தாய் தகப்பன். இருந்தும் ஒரு சவுக்கு வளர்கிறது, ஒன்று நின்றுவிடுகிறது. ஏன் என்பதுதான் அவருடைய கேள்வி. பெரிய வேர் மரத்தைத் தாங்குகிறது. மரத்துக்குச் சோறு போடுவது சல்லி வேர். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த வேர்கள். கையில் இருக்கிற உணவை வைத்து ஒரு மரம் மெல்லிய வேரை நீளமாக ஓட்டலாம். இன்னொன்று தடித்த வேரைக் குறைவாக ஓட்டலாம். மெல்லியது சீக்கிரம் சாகும், தடித்தது தாக்குப்பிடிக்கும். எந்த வழியில் போகிற ரகம் எப்படி வளர்கிறது என்று தெரிந்தால், உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல் ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவர் எண்ணம்.

அதற்குச் செய்த வேலையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இரும்புக் குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, உருளையாக மண்ணை எடுப்போம். எடுத்த மண்ணை வாளியில் ஊறப்போட்டு, சல்லடைமேல் கொட்டி, மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். வேகமாக விட்டால் வேர் அறுந்து ஓடிவிடும். மண் போனபின் சல்லடையில் தங்குவதை வெள்ளைத் தட்டில் போட்டு, இடுக்கியால் சருகு, புழு, செத்த வேர் எல்லாவற்றையும் பொறுக்கி எறிவோம். மிஞ்சிய வேருக்கு நீலச் சாயம் ஏற்றுவோம். ஊரே சாயம் போடுகிற ஊர், நாம் வேருக்குப் போடுகிறோம் என்று கேலி பேசிக்கொள்வோம். சாயம் ஏறிய வேரை ஸ்கேனரில் பரப்பினால் மொத்த நீளத்தைக் கணினி சொல்லும். பிறகு காயவைத்து எடை போட வேண்டும்.

இது எல்லோரும் செய்வது. மேடம் இதற்குமேல் ஒன்று செய்வார். ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் எடுத்து, பூதக்கண்ணாடியில் வேர் நுனிகளைத் தானே எண்ணுவார். உயிருள்ள சல்லி வேரின் நுனி வெளுப்பாக, உருண்டு, சற்றே பருத்திருக்கும். “நுனிதான் வளருது. நுனி இல்லாத வேர நான் நம்ப மாட்டேன்” என்பார். வேர் பொறுக்குகிற பெண்களுக்கு மூத்தவள் சரசு. முன்பு பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள். “பிசிறு வெட்டறதே தேவலைங்க வேலுச்சாமியண்ணா, அங்க நுனிய எண்ணச் சொல்ல மாட்டாங்க” என்று என்னிடம் முணுமுணுப்பாள்.

இனி சென்னியப்பன் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நொய்யல் கரையை ஒட்டி அவருக்கு ஆறு ஏக்கர். ஒரு காலத்தில் வாழையும் மஞ்சளும் விளைந்த பூமி. ஆற்றில் சாயத்தண்ணீர் வந்து, அது கிணற்றில் இறங்கி, மண்ணே உப்பாகிவிட்டது. தென்னை முதற்கொண்டு போய்விட்டது. அவருடைய இரண்டு மகன்களும் எங்கள் டவுனுக்குள் ராயபுரத்தில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்தினார்கள். செத்த நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, குடோன் கட்டக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்பது அவர்கள் கட்சி. பெரியவர் ஒப்பவில்லை.

உப்பு மண்ணில் எந்தச் சவுக்கு தாங்கும் என்று பார்க்க நாங்கள் இடம் தேடியபோது, அவரே நிலையத்துக்கு வந்து இரண்டு ஏக்கரைச் சும்மா கொடுத்தார். அன்று மேடத்திடம் அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

“இந்த மண்ணுல ஏதாச்சும் ஒண்ணு நின்னு காட்டீருச்சுன்னா எனக்குப் போதுமுங்க அம்மிணி. நெலம் செத்துப்போச்சுன்னு பசங்க சொல்றாங்க. செத்ததுன்னா நான் கொடுத்துப்போடறனுங்க. சாகலீன்னா எதுக்குங்க கொடுக்கோணும்? மரம் சொல்லட்டுமுங்க.”

மகன்களும் சரியென்றார்கள். மரம் நின்றால் நிலம் இருக்கும், இல்லாவிட்டால் விற்பது. அப்படி ஒரு பேச்சு அவர்கள் வீட்டில் முடிவாகிவிட்டது என்பது எங்களுக்கும் தெரியும். ஒரு ஆராய்ச்சிக்கு இவ்வளவு பாரம் ஏற்றக் கூடாது என்று மேடம் அன்றே வருத்தப்பட்டார்.

பத்து ரகங்களை நட்டோம். ஒவ்வொரு ரகத்துக்கும் நிலத்தில் நான்கு இடம், இடத்துக்கு ஒரு வரிசை. வரிசைத் தலையில் ரகத்தின் எண்ணைப் பெயின்டால் எழுதிய முளைக்குச்சி. எல்லா மரத்துக்கும் ஒரே அளவு தண்ணீர், அதுவும் முதல் வருடம் மட்டும். அதிகமாக ஒரு குடம்கூட விடக் கூடாது என்று பெரியவரிடம் நான்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். “செரிங்க தம்பி, ஒரு சொட்டு விட மாட்டனுங்க” என்றார். சொன்னபடியே விடவும் இல்லை.

முதல் கோடையில் ஏழாம் ரகம் நான்கு இடத்திலும் துவண்டு கிடந்தது. அது போனது போனதுதான் என்று எழுதி வைத்தோம். இரண்டாம் கோடையில் பார்த்தால் நிமிர்ந்திருந்தது. மூன்றாம் வருடம் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே தலை தூக்கி நின்றது. மண்ணெடுத்துக் கழுவினோம். ஏழின் தட்டுகளில் சல்லி வேர் அப்படி நிறைந்திருந்தது. ஸ்கேனர் சொன்ன நீளத்தைப் பார்த்து எனக்கே உடம்பு சிலிர்த்தது. உயரத்துக்கு உயரம், வேருக்கு வேர். மேடத்தின் கேள்விக்கு மரமே வந்து பதில் சொன்னது மாதிரி இருந்தது.

“நான் இன்னும் நுனி எண்ணல” என்று மேடம் சொன்னார். அப்போதைய நிலையத் தலைவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நல்ல மனிதர், ஆனால் நல்ல சேதியை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். பெரியவரின் நிலத்திலேயே பந்தல் போட்டு, சுற்றுவட்டார விவசாயிகளைக் கூட்டி, ஏழாம் ரகத்தைக் காட்டிப் பேசிவிட்டார். பெரியவர் அன்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் மோர் கொடுத்தார். மூத்த மகன் காரில் வந்து இறங்கி, மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “செரிங்கப்பா, நெலம் இருக்கட்டும்” என்றான். பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை துடைக்கிற மாதிரிதான் துடைத்தார். மீதி நாலு ஏக்கருக்கும் ஏழாம் ரகம் நாற்று வேண்டும் என்று அன்றைக்கே என்னிடம் சொல்லிவைத்தார்.

அதற்கடுத்த வாரம் மேடம் நுனி எண்ண உட்கார்ந்தார்.

எண்ண எண்ண அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். மற்ற ரகங்களில் வேரின் நீளம் கூடினால் நுனியும் கூடியது. ஏழில் நீளம் மலைபோல் இருந்தது, நுனியைக் காணோம். சரசுவைக் கூப்பிட்டார், என்னைக் கூப்பிட்டார். ஒரு நீல இழையை இடுக்கியில் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

“இது என்னது சரசு?”

“வேருங்க மேடம்.”

“நுனி எங்க?”

சரசு பூதக்கண்ணாடியில் குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. பிறகு அந்த இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். இழை முறுக்குப் பிரிந்து இரண்டாகப் பிளந்தது.

“ஐயோ மேடம், நூலுங்க” என்றாள்.

தறி வீட்டில் பிறந்த நான், பிசிறு வெட்டிய சரசு, கூட உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் நூலிலேயே வளர்ந்தவர்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. வேறு ஊர்க்காரர்களாக இருந்திருந்தால் முதல் தட்டிலேயே இது என்ன என்று கேட்டிருப்பார்கள். எங்களுக்கு நூல் என்பது காற்று மாதிரி. காற்றை யார் பார்க்கிறார்கள்? பாதி மக்கி, மண் நிறம் ஏறி, இழை இழையாகப் பிரிந்த பருத்தி, நாங்கள் ஏற்றிய நீலத்தையும் குடித்துவிட்டு வேரோடு வேராகப் படுத்திருந்தது.

ஆனால் ஏழாம் ரகத்தின் அடியில் மட்டும் நூல் எப்படி வந்தது? அதைக் கேட்கத்தான் ஜீப்பில் கிளம்பினோம். போகும் வழியில் நான் மேடத்திடம் சொன்னேன். இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாமுங்க, அடுத்த வருடம் இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்லலாமுங்க, பெரியவருக்கு இப்போதுதான் முகத்தில் வெளிச்சம் வந்திருக்கிறது என்றேன்.

“எனக்கு மட்டும் ஆசையா வேலுச்சாமி? நம்ம சொன்னத நம்பி நாலு ஏக்கர் நடப் போறாரு. நட்டப்புறம் சொல்லுதது என்ன நியாயம்?” என்றார். அதற்கப்புறம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பெரியவர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். நாற்று எப்போது வரும் என்று கேட்டார். மேடம் நேராகவே கேட்டார்.

“ஐயா, ஏழாம் நம்பருக்கு மட்டும் ஏதாவது செஞ்சீங்களா?”

“ஒரு சொட்டுத் தண்ணி விடலீங்க அம்மிணி. சாமி மேல சத்தியமுங்க.”

“தண்ணி இல்ல ஐயா. வேற ஏதாவது?”

 பெரியவர் சாதாரணமாகச் சொன்னார்.

“வேஸ்ட்டு துணி போட்டனுங்க. மொதக் கோடையில அது மட்டும் வாடிப்போய்க் கெடந்துச்சு. பாத்துட்டுச் சும்மா போக முடியலீங்க. பையன் யூனிட்டுல வெள்ளைக் கட்டிங் வேஸ்ட்டு மூட்டை மூட்டையாக் கெடக்குமுங்க. சுத்தியும் ஒரு சாண் தோண்டி, நனைச்சுப் போட்டு, மண்ணப் போட்டு மூடீட்டனுங்க. ஈரம் நிக்குமுல்லீங்க? ஒவ்வொரு கோடைக்கும் போட்டனுங்க.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “தண்ணி விடக் கூடாதுன்னுதானுங்க தம்பி சொன்னீங்க. துணி போடக் கூடாதுன்னு சொல்லலீங்களே.”

 முளைக்குச்சியில் எழுதிய எண்ணைப் பார்த்து, நான்கு இடத்திலும் ஒன்றுவிடாமல் தேடிப்போய்ப் போட்டிருக்கிறார். நலிந்த பிள்ளைக்கு ஒரு பிடி சோறு கூட வைக்கிற மாதிரி. அதனால்தான் நான்கு இடத்திலும் ஏழு உயர்ந்தது.

மேடம் ஒரு மரத்தைத் தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டார். பெரியவர் தானே மண்வெட்டி எடுத்துவந்தார். மரத்தைச் சுற்றிக் குழி வெட்டினார். ஒரு சாண் ஆழத்தில் துணி அடுக்கு வந்தது; நாங்கள் மண்ணெடுத்த ஓரத்தில் மக்கி நூலாகியிருந்தது, மரத்தை ஒட்டித் துணியாகவே இருந்தது. பழுப்பேறிய வெள்ளை, ஒரு துண்டில் பனியன் கழுத்துப்பட்டையின் வளைவுகூடத் தெரிந்தது. சவுக்கின் சல்லி வேர் அத்தனையும் அந்தத் துணிக்குள் புகுந்து பின்னிக் கிடந்தது. அதற்குக் கீழே தோண்டினோம். மண்தான் இருந்தது. ஈரம் மேலேயே கிடைத்ததால் வேர் கீழே போகவே இல்லை.

பெரியவர் குழிக்குள் நின்றபடி மேலே பார்த்தார்.

“அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டனுங்களா அம்மிணி?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். ரகத்தின் குணம் என்று சொல்லலாம், மண்ணின் கோளாறு என்று சொல்லலாம். யார் வந்து சரிபார்க்கப்போகிறார்கள்?

மேடம் குழி விளிம்பில் உட்கார்ந்தார், அவர் முகத்துக்கு நேராக. “நீங்க போடலன்னா இது மொதக் கோடையிலயே செத்திருக்கும் ஐயா. போட்டதால பொழச்சுது. போட்டதாலதான் வேரு கீழ எறங்கல. ரெண்டும் உண்மை. பெரிய காத்து அடிச்சா இது நிக்காது. நாலு ஏக்கர்ல இத நடாதீங்க.”

பெரியவர் மண்வெட்டியைப் பிடித்தபடியே நின்றார்.

“மூணாம் நம்பர் நிக்கும் ஐயா” என்று மேடம் சேர்த்துச் சொன்னார். “குட்டையாத்தான் இருக்கு. வேரு தடிப்பு, ஆழமாப் போயிருக்கு. மெதுவா வளரும். ஒரு பத்து வருசம் பொறுத்தீங்கன்னா...”

“எனக்கு எழுவத்தி நாலு வயசுங்க” என்றார் பெரியவர். குழியிலிருந்து ஏற நான் கை கொடுத்தேன். 

அந்த ஆடியில் காற்று எப்போதும்போல் பாலக்காட்டுப் பக்கமிருந்து கிளம்பி வந்தது. எங்கள் பகுதியில் ஆடிக் காற்றுக்குத் தகரக் கூரையே பறக்கும். ஏழாம் ரகம் நான்கு இடத்திலும் அடியோடு சாய்ந்தது. வேர்த்தட்டு மேலே தூக்கி நிற்க, அதில் வெள்ளைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் ரகம் அசையாமல் நின்றது. இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலே இருந்த குட்டை மரங்கள். அவற்றைக் காட்டி யாரிடம் என்ன பேச முடியும்? மூத்த மகனிடம் நான் பேசித்தான் பார்த்தேன். அவன் மரியாதையாகவே சொன்னான்.

“ஏனுங்கண்ணா, பெரிய மரமுன்னு பந்தல் போட்டுக் காட்டுனீங்க. அது படுத்துருச்சு. இப்ப இந்தக் குட்டையக் காட்டி நிக்கும்கறீங்க. அப்பாவ இன்னும் எத்தன தடவைங்க ஏமாத்துவீங்க?”

அவனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நிலம் கைமாறியது. பொக்லைன் வந்து எல்லாவற்றையும் வழித்துத் தள்ளியது, நின்ற மூன்றாம் ரகத்தையும் சேர்த்து. இப்போது அங்கே நூல் குடோன் இருக்கிறது. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் நான் வலதுபக்கச் சீட்டில்தான் உட்காருவேன். அங்கிருந்து குடோன் தெரியாது.

மேடத்தோடு அதன்பின் பல மாதம் நான் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பது எனக்கும் தெரியும். சரியைச் சொல்ல இன்னும் மெதுவான ஒரு வழி இருந்திருக்கலாம் என்பது என் மனத்தாங்கல். அப்படி ஒரு வழி இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மாசி கடைசியில் ஒரு மத்தியானம் பெரியவர் நிலையத்துக்கு வந்தார். மகன் வீட்டில், ராயபுரத்தில், மாடியில் இருக்கிறாராம். டவுன் பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். மேடத்தைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டார்.

“அந்தத் தட்டு இருக்குதுங்களா அம்மிணி? நம்ம ஏழாம் நம்பரு. ஒருக்கா பாக்கோணுமுங்க.”

அந்தத் தட்டை மேடம் காயவைக்கவும் விடவில்லை, எறியவும் விடவில்லை. குப்பியில் ஊறிக்கொண்டிருந்ததை எடுத்துவந்து வெள்ளைத் தட்டில் விரித்தேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எல்லாமே நீலம். சேற்றிலிருந்து எடுத்த ஒரு கொத்து முடி மாதிரி கிடந்தது. வெகுநேரம் பார்த்தார்.

“இதுல எது மரத்தோடது, எது என்னுதுங்க?” என்று கேட்டார்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடுக்கியை எடுத்தார். அன்று நிலையத்தில் கூட்டம் ஒன்று இருந்தது. ஆள் வந்து கூப்பிட்டபோது வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு இழையாக எடுத்தார். வேரை இடதுபக்கம், நூலை வலதுபக்கம். ஒவ்வொன்றையும் பெரியவருக்குக் காட்டினார். “இது மரம். பாருங்க, நுனி இருக்கு.” “இது நீங்க.” “இது நீங்க.” “இது மரம்.” பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். சரசு வந்து பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். பொழுது சாயும்போது வலதுபக்கக் குவியல் இடதைவிடப் பெரிதாக இருந்தது. மேடம் அதை மறைக்கவில்லை.

தட்டில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. முறுக்குக்குள் வேர் புகுந்து, வேரைச் சுற்றி நூல் படர்ந்து, ஒன்றாகிக் கிடந்தவை. மேடம் ஒன்றைப் பிரிக்கப் பார்த்தார். வேர் அறுந்தது. இன்னொன்றை எடுத்தார். நூல் அறுந்தது.  இடுக்கியைக் கீழே வைத்தார்.

எங்கள் முறையில் இரண்டு குவியல்தான் உண்டு. வேர், வேர் அல்லாதது. சந்தேகமானதை வேர் அல்லாததில் போட வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மிஞ்சியதை விரலால் ஒதுக்கித் தட்டின் நடுவில் மூன்றாவதாக ஒரு குவியல் வைத்தார்.

“இத என்னால பிரிக்க முடியல ஐயா” என்றார். “இது ரெண்டு பேரோடதும்.”

பெரியவர் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“புடுங்குனா அந்துபோகுதுங்களே” என்றார். “அப்ப அது புடிச்சுத்தானுங்க இருந்திருக்குது.”

“ஆமாங்கய்யா” என்றார் மேடம்.

மற்ற இரண்டு குவியலையும் காயவைத்து நான் எடை போட்டேன். மூன்றாவதை மேடம் எடை போடச் சொல்லவில்லை. ஒரு தாள் உறையில் போட்டுப் பெரியவர் கையில் கொடுத்தார். அவர் அதை மடிக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தார். பஸ்ஸில் ஏறிய பிறகும், கம்பியைப் பிடிக்க மற்றக் கையைத்தான் நீட்டினார்.